அண்டாவில் மிதந்தது நீ இல்லை

அன்புள்ள முருகேசனுக்கு,

இந்தக் கடிதத்தை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ப்பேன் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார், நானும் தலையாட்டினேன். அதனால் தாராவியில் வளர்ந்தும் உனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். எழுத்தைப் பெரிதாகப் போட்டு, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிறேன். புனேயில் உன் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இதைக் கொடுக்காதே. போட்டோ எடுத்துப் போனில் மொழிபெயர்த்தும் பார்க்காதே. ஒரு நாள் ஆனாலும் சரி, இரண்டு நாள் ஆனாலும் சரி, நீயே படி. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ என்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவாய். நான் அழுதால் உனக்குத் தாங்காது. அந்தச் சலுகை இந்த முறை எனக்கு வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் கட் ஆனதற்கு நெட்வொர்க் காரணம் இல்லை. நான்தான் கட் செய்தேன். பிறகு நீ நான்கு முறை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்தபோது, “என்னம்மா, என் புக் அவ்ளோ போரா?” என்று கேட்டுச் சிரித்தாய். “இல்லடே, செம்பூர்ல இன்னைக்கு டவர் சரியில்ல” என்றேன். டவர் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொண்டேன். இப்படித் தப்பித்து எனக்கு நிறைய பழக்கம்.

பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள். சரியாகக் காலை பதினோரு மணிக்கு உன் போன் வரும். “அம்மா, முருகேசன் பேசறேன்” என்று ஆரம்பிப்பாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் தெருமுனைப் பூத்திலிருந்து ஒரு ரூபாய் போட்டுப் பேசும்போது, முதலில் பேரைச் சொல்லணும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தது இன்னும் விடவில்லை. நீ இங்கிலீஷில் எழுதியதை ஒரு வரி பார்த்து ஒரு வரி தமிழாக்கிச் சொல்வாய். தமிழ் கிடைக்காத இடத்தில் ஹிந்தி வரும். “மத்லப், அங்க ஹவா கிடையாதும்மா, எல்லாரும் தரைக்கு அடியில இருக்காங்க” என்பாய், காற்று என்று தமிழில் சொல்ல வராமல். நான் மாட்டுங்காவில் சமையல் வேலை முடித்து வந்து, ஏழாவது மாடியில் இந்த வீட்டு ஜன்னலோரம் போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். என் பிள்ளை பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் எழுதுகிறான், அதை முதலில் எனக்குப் படித்துக் காட்டுகிறான் என்று இந்த பில்டிங்கில் நான் சொல்லாத ஆள் இல்லை. லிஃப்ட்காரருக்குக்கூட உன் கதை பாதி தெரியும்.

எனக்குக் கதை எவ்வளவு புரிந்தது என்று உனக்குச் சந்தேகம் இருந்தது. நன்றாகவே புரிந்தது. பூமியை விட்டு வெகுதூரம் போய்ச் சிவப்பு மண்ணுக்கு அடியில் குடியிருக்கும் ஜனங்கள். போகிற வழியில் பல வருஷம் தூங்கவைத்துக் கொண்டுபோனதால் பழசு எல்லாம் மறந்துவிட்டது அவர்களுக்கு. மிச்சம் இருப்பது வாயால் சொல்லிக் காப்பாற்றியது மட்டும்தான். தண்ணீர் இருக்கும் அறைக்கு ஒரு பெரிய கதவு. அதை ஒரு மெஷின் காவல் காக்கிறது. பத்து வயதான பிள்ளை ஒவ்வொன்றும் அந்தக் கதவு முன்னால் நின்று, தன்னுடைய பழைய காலத்தில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். நிஜமானால் கதவு திறக்கும், பொய்யானால் திறக்காது. உன் கதையில் வருகிற பையன் எல்லாரையும் விடச் சிறியவன், ஓடினால் கடைசி, கேள்வி கேட்டால் திருதிரு. மூக்கில் ஒரு சின்னப் புள்ளி. அவனுடைய அப்பா, பழைய கதையை யாராவது எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். இதை நீ படித்தபோது எனக்குத் திக்கென்றது. நீ எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய். என்ன பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்திருக்கிறாய்.

கடைசி அத்தியாயத்தில் அந்தப் பையன் கதவு முன்னால் நிற்கிறான். ஊரே தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது. அவன் தன் அம்மா தனக்குச் சொன்னதைச் சொல்கிறான். ஒரு மழைநாளில், வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது, பித்தளை அண்டாவுக்குள் உட்கார்ந்து மிதந்து, கரண்டியால் விளிம்பைத் தட்டிக்கொண்டு சிரித்தது நான்தான் என்கிறான். கதவு திறக்கிறது. அங்கேதான் நான் போனை வைத்தேன்.

முருகேசா, அந்தக் கதவு திறக்காது. அண்டாவில் மிதந்தது நீ இல்லை. உனக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை இருந்தான். முருகேசன் என்பது அவன் பெயர்.

இந்த மாசக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் புத்தகத்தைப் படிக்கப்போகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு என் பொய் போய்ச் சேரட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உனக்கு இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் ஆடி மாசம், ஒரு காலை பத்து மணிக்குப் பிடித்த மழை. நம் பழைய வீடு உனக்கு ஞாபகம் இருக்கும், பின்சுவரை ஒட்டிச் சாக்கடை. மதியத்துக்குள் சாக்கடை எது, தெரு எது என்று தெரியவில்லை. அப்பா பை தைக்கிற பட்டறையில் தோல் வெட்டப் போயிருந்தார். வீட்டில் நானும் அவனும். அவனுக்கு ஒரு வயசும் இரண்டு மாசமும். தண்ணீர் கட்டில் காலை முழுங்கியது. அரிசி மூட்டையைத் தூக்குவதா, ஸ்டவ்வைத் தூக்குவதா, பிள்ளையைத் தூக்குவதா, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டா காலியாக இருந்தது. அதற்குள் அவனை உட்காரவைத்தேன். அது மிதக்க ஆரம்பித்தது. அவனுக்கு ஒரே கொண்டாட்டம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வாசலில் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து அக்கா, “ஏலே ராசா, கப்பல் ஏறி எங்க போறிய?” என்று கேட்டார். அவன் கரண்டியால் டங் டங் என்று தட்டினான்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். நூறு முறை சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவன் குனிந்து, கையால் அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளி வாயில் வைத்தான். நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன்.

நான்காம் நாள் காய்ச்சலும் பேதியும் ஆரம்பித்தது. குழாயில் சாக்கடை நாற்றத்தோடு தண்ணீர் வந்ததால் யாரும் பிடிக்கவில்லை. தண்ணீர் டாங்கர் வரும் வரும் என்றார்கள், இரண்டு நாளாக நம் சந்துக்கு வரவில்லை. மறுநாள் அப்பா வேலைக்குப் போகும்போது, “ஏட்டி, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரு, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாத” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் புடவை மாற்றி, பிள்ளைக்கு உடம்பு துடைத்து, கிளம்பி நின்றேன். அப்போது வெளியே கத்தினார்கள், டாங்கர் வந்துவிட்டது என்று. வீட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. காய்ச்சிக் கொடுப்பதற்கும் அவனுக்குத்தானே தண்ணீர் வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளை தூங்கினான். பாயில் போட்டு, கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு, இரண்டு குடத்தோடு வரிசைக்கு ஓடினேன். அரை மணி நேரம் என்று நினைத்தது இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒருத்தி புகுந்துவிட்டாள் என்று அவளோடு சண்டை வேறு. வாய்க்கு வந்தபடி பேசி, என் இடத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயித்தவள் மாதிரி இரண்டு குடம் நிறையத் தண்ணீரோடு திரும்பினேன்.

அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். அழுவதற்கு வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சயான் வரை ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, இப்போது உனக்கு இருக்கும் வயசுதான் இருக்கும், “இத்னா தேர் க்யூன் கியா?” என்று கேட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறார் என்று புரிந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஹிந்தி தெரியாதவள் மாதிரி நின்றேன். மறுநாள் காலையில் அவன் போய்விட்டான். அந்த இரண்டு குடமும் ஒரு வாரம் மூடி போட்டபடி மூலையில் இருந்தது. பிறகு அப்பா எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

பதினோரு மாசம் கழித்து நீ பிறந்தாய். ஊரில், என் அண்ணன் வீட்டில் வைத்து. சயானில் நீ பிறந்ததாக எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது, உன் புத்தகத்தின் பின்னட்டையிலும் அப்படித்தான் போட்டிருப்பதாகப் படித்துக் காட்டினாய். இல்லை. உன் பிறப்பை யாரும் எங்கும் பதியவே இல்லை. மூன்றாம் மாசம் உன்னைத் தூக்கிக்கொண்டு தாராவிக்கு வந்தேன். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குச் செய்வதை உனக்கும் செய்தோம். பாத்துமுத்து அக்கா உன்னை வாங்கிக்கொண்டுபோய், சந்து முனைக் குப்பையில் ஒரு பழைய முறத்தில் கிடத்தி எடுத்தார். வாசலுக்கு வந்து யாரோ ஊர்பேர் தெரியாதவள் மாதிரி நின்று, “தவிட்டுக்குப் புள்ள தாரேன், வாங்கிக்கிடுதியளா?” என்று கேட்டார். அப்பா அதற்காக ஆண்டாப் ஹில் பக்கம் இருந்த ஒரு தபேலாவில், பால்மாடு கட்டும் கொட்டகையில், போய்த் தவிடு வாங்கி வந்திருந்தார். இந்த பம்பாயில் தவிட்டுக்கு எங்கே போக, அரை நாள் அலைந்தாராம். ஒரு படி தவிட்டைக் கொடுத்து உன்னை வாங்கினோம். மூக்கைக் குத்தினோம். பிச்சை என்று பெயர் வைத்தோம். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, விலைக்கு வந்தது, இதை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எமனுக்குத் தெரியவேண்டும், அதற்குத்தான். எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. நீ அழுவாய் என்று நான் அந்தக் கேலியை ஒருநாளும் செய்ததில்லை. நிஜமாக வாங்கினவளுக்கு அந்தக் கேலி வாயில் வராது. உன் மூக்கில் இருக்கும் புள்ளி அம்மைத் தழும்பு இல்லை, அதுவும் நான் சொன்ன பொய்.

எமனை ஏமாற்றச் செய்ததில் நானே ஏமாந்துபோனேன். உன்னை வேண்டாத பிள்ளை மாதிரி நடத்தவேண்டும் என்பதை நான் நிஜமாகவே செய்தேன். உன்னைப் பார்க்கவே எனக்குப் பயம். பால் கொடுக்கும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வேன். என் கண்ணே உனக்குப் பட்டுவிடும், நான் பார்த்துச் சிரித்தால் நீயும் போய்விடுவாய் என்று மனசில் ஊறிப்போய்விட்டது. குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், உடனே கொண்டுபோய்ப் பாத்துமுத்து அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மாட்டுங்காவில் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு வீடு போதும் என்றிருந்த இடத்தில் மூன்று வீடு பிடித்தேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. உனக்கு முதல் பல் எந்த மாசம் வந்தது, எனக்குத் தெரியாது. எப்போது எழுந்து நின்றாய், முதலில் என்ன பேசினாய், தெரியாது. இதுதான் நிஜம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கோர்ட், அஃபிடவிட் என்று என்னென்னவோ சொன்னார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது அரை நாள் லீவு. டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவனுடைய சான்றிதழை வெளியே எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏட்டி, பேரு இருக்கு, சீல் இருக்கு, நம்ம விலாசம் இருக்கு. ரெண்டு வயசு கூட, அம்புட்டுதான். யாரு வந்து பல்லைப் புடிச்சுப் பாக்கப் போறா?” என்றார். நான் கையை விட்டேன். அன்றைக்குப் பிச்சையாக வீட்டை விட்டுப் போன நீ, முருகேசனாகத் திரும்பி வந்தாய். வீட்டுக்குள் அப்பா மட்டும் கடைசி வரை உன்னைப் பிச்சை என்றே கூப்பிட்டார். உன் சிநேகிதர்கள் முன்னால் கூப்பிட்டால் உனக்கு ஆத்திரம் வரும். அவர் உன்னைக் கேவலமாகக் கூப்பிடவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான்.

இதில் நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. காகிதத்தில் ஏழு வயசு என்று இருந்ததால் உன்னை நேரே இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். உனக்கு நிஜத்தில் ஐந்து வயசுகூட முடியவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் உன்னைவிட ஒரு சாண் உயரம். நீ இங்கிலீஷும் தெரியாமல், பென்சிலும் சரியாகப் பிடிக்க வராமல் திருதிருவென்று முழிப்பாய். அந்த வருஷம் ஃபெயிலானாய். ரிப்போர்ட் கார்டைப் பார்த்து நான் சாதக் கரண்டியால் உன் கையில் அடித்தேன். “மண்டையில என்னல இருக்கு, மண்ணா?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும், முருகேசா. உனக்கு என்ன வயசு என்று அந்த வீட்டில் எனக்குத் தெரியும், தெரிந்தும் அடித்தேன். நீ முப்பது வயசிலும் எதையாவது புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமானால், “நான் ஸ்லோதானேம்மா” என்று சொல்லிச் சிரிக்கிறாய். நீ ஸ்லோ இல்லை. நீ ஒருநாளும் ஸ்லோவாக இருந்ததில்லை. இரண்டு வயசு மூத்தவர்களோடு ஓடவிட்டு, ஏன் கடைசியில் வருகிறாய் என்று கேட்டது நாங்கள்.

மறு வருஷம் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது என்ன செய்தாய் என்று அம்மாவிடம் கேட்டுவந்து வகுப்பில் சொல்ல வேண்டும். நீ பையைக்கூடக் கழற்றாமல் வந்து, “அம்மா, நான் பேபியா இருந்தப்ப என்ன செஞ்சேன்?” என்று கேட்டாய். என்னிடம் உன்னைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை ஆசையாகக் கேட்கிறான், எடுத்துக் கொடுக்க ஒன்றுமே இல்லாமல் நிற்கிறேன். என்னிடம் இருந்ததெல்லாம் அவனுடையதுதான், அவனுடைய ஒவ்வொரு நாளும் ஞாபகத்தில் இருந்தது. வாய் தானாக அண்டாவை எடுத்துச் சொன்னது. நீ மறுநாள் வகுப்பில் சொன்னாய், எல்லாரும் கைதட்டினார்களாம். சாயங்காலம் சந்து முனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாய், “சப் லோக் தாலி பஜாயா அம்மா!” என்று. பள்ளிக்கூடத்தில் உனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அதை எப்படித் திருப்பி வாங்குவேன்? பிறகு நீ கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். காக்கைக்கு இட்லி நீட்டியது, ரயில் சத்தம் கேட்டால் கையாட்டியது, எல்லாம். நான் சொல்ல ஆரம்பித்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். இறந்துபோன பிள்ளையின் சட்டையை இருக்கிற பிள்ளைக்குப் போட்டு அழகு பார்க்கிறாள் இவள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒருமுறை மட்டும் கேட்டார், “அவனுக்குன்னு ஒண்ணுமே மிச்சம் வைக்க மாட்டியா?” அவன் என்று அவர் சொன்னது உங்கள் இரண்டு பேரில் யாரை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தச் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஆண்டாப் ஹில் போனேன். பாத்துமுத்து அக்கா மகள் வீட்டில் இருக்கிறார், முட்டுவலி, எழுந்து நடக்க முடியவில்லை. நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, “அக்கா, எம்பிள்ள சின்னதுல எப்படி இருந்தான்?” என்று கேட்டேன்.

“எந்தப் புள்ள?”

“ரெண்டாவது.”

“ஒன் புள்ளயப் பத்தி என்கிட்டயா வந்து கேக்குத?” என்றார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “ஆமா, என்கிட்டதான் கேக்கணும்” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே உனக்குத் தருகிறேன். அக்கா வீட்டுக்காரர் வீட்டிலேயே மிஷின் போட்டுப் பை தைப்பார். அந்த மிதி மிஷினுக்கு அடியில், துண்டுத்துணிக் குவியல் மேல்தான் உன்னைக் கிடத்துவார்களாம். “அந்த மிஷின் ஓடினாத்தான் தூங்குவான். நின்னா போச்சு, வீல்னு ஒரு சத்தம். வேலையெல்லாம் முடிஞ்ச பொறவும் எங்க வீட்டு ஆளு சும்மா மிதிச்சிக்கிட்டே இருப்பாரு, ஊசியில நூலே இருக்காது. ‘என்னங்க பைத்தியமா’ன்னு கேப்பேன். ‘இரு, புள்ள இன்னும் நல்லா உறங்கல’ம்பாரு.” நீ முதல் முதலாகப் பேசிய வார்த்தை வாப்பா, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுவது. அவரைப் பார்த்துத்தான் சொன்னாய். “ஒன் வீட்டுக்காரர் வருத்தப்படுவாருன்னு நாங்க வெளிய சொல்லல” என்றார். கிளம்பும்போது கேட்டேன், அந்தத் தவிட்டை என்ன செய்தீர்கள் அக்கா என்று. “கோழிக்குப் போட்டேன். வித்த புள்ளயக் கேக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா கண்ணு மூடுததுக்குள்ள ஒரு தடவ கூட்டிட்டு வா” என்றார். அவர் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறதாம். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். மார்கழிக் குளிரிலும் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குவாய் நீ. கரண்ட் பில் ஏறுகிறது என்று எத்தனை முறை எழுந்து வந்து நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியதும் உனக்கு முழிப்பு வந்துவிடும். சத்தம் இல்லாமல் தூக்கம் வராதும்மா என்பாய். என்ன புதுப் பழக்கம் என்று எரிந்து விழுவேன். அது உன்னிடம் இருந்த பழக்கங்களிலேயே ரொம்பப் பழையது.

உன் புத்தகத்தை எப்படி மாற்றவேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பு. அண்டாவை அப்படியே விடவேண்டும் என்றால் விடு, அது அழகான கதைதான், அதில் ஒருவன் நிஜமாகவே சிரித்தான். உன்னை வைத்து எழுதிய பையன் அதைத் தன்னுடையது என்று அந்தக் கதவு முன்னால் சொல்லவேண்டுமா என்பதை மட்டும் நீ யோசி. முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாய் இல்லையா, எனக்காக எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த அம்மாவுக்கு என்று, அதை எடுத்துவிடு. நான் உன்னை நினைவில் வைத்திருக்கவில்லை. நூல் இல்லாத மிஷினை மிதித்தவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் போடு. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் எந்தப் பயம் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. போனால் போகட்டும், இருக்கிற வரைக்கும் பார். பார்க்காமல் விட்டதைப் பிறகு எங்கே போயும் வாங்க முடியாது, நான் ஆண்டாப் ஹில் வரை போய்ப் பார்த்துவிட்டேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ பல நாள் பேசாமல் இருந்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். அண்டா இங்கே பரண் மேல்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீ வந்து சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் வழக்கம்போல ஜன்னலோரம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். கூப்பிட்டால் இந்த ஒரு முறை பேரைச் சொல்லாதே. யார் பேசுவது என்று நானே சொல்கிறேன்.

அம்மா